ஃபார்மலினில் போடாத சிலந்தி

அந்தச் சிலந்தியை நான் வீட்டுக்குக் கொண்டுவந்தது கோபத்தில். முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் கேள்விப்பட்டவர்கள் எல்லாரும் எனக்குப் பூச்சி புழு மேல் ஏதோ தனிப் பிரியம் என்று நினைத்துக்கொண்டார்கள். பதினாறு வருடம் பெங்களூரில் ஒரு கல்லூரியின் விலங்கியல் லேபில் அட்டெண்டராக இருந்தவளுக்கு என்ன பிரியம் மிச்சம் இருக்கும்?

என் வேலை இதுதான். தவளை வந்தால் குளோரோபார்ம் பஞ்சு வைத்து மயக்குவது. முதல் வருடப் பிள்ளைகள் அறுத்துப் பார்க்கக் கரப்பான் பிடித்துத் தருவது. செத்ததைக் கண்ணாடி ஜாடியில் போட்டு ஃபார்மலின் ஊற்றி, மூடியைச் சுற்றி மெழுகு பூசி, மியூசியம் அலமாரியில் ஏற்றுவது. மியூசியம் என்றதும் பெரிதாக நினைக்க வேண்டாம். லேபை ஒட்டிய ஒரு நீள அறை. பாம்பு, மீன், ஓணான், ஆட்டுக் கரு. பாதிக்கு மேல் என் கையால் உள்ளே போனவை. ஃபார்மலின் கேனைத் திறந்து ஊற்றும்போது கையுறையும் கிடையாது, முகத்துக்குத் துணியும் கிடையாது. யாரும் தரவில்லை. நானும் கேட்கவில்லை.

தொண்ணூறுகளின் கடைசி அது. வருடத்துக்கு ஒரு முறை பிள்ளைகளைச் சிக்மகளூர் பக்கம் காபித் தோட்டத்துக்குக் கூட்டிப்போவார்கள். ஆளுக்கு ஏதாவது ஒன்று பிடித்து வர வேண்டும். அந்த வருடம் ஒரு பெண் ஊறுகாய் பாட்டிலில் ஒரு டாரன்டுலாவைக் கொண்டுவந்தாள். சாதாரண வீட்டுச் சிலந்தி இல்லை. காலை விரித்தால் என் உள்ளங்கையை மூடிவிடும். சாம்பல் நிறம், முன்கால்களின் அடியில் மஞ்சள். மரப்பட்டைக்குப் பின்னால் இருந்தது என்றாள்.

அன்று காலையில்தான் புது லெக்சரர் மேடம் என்னைத் திட்டியிருந்தாள். என்னைவிடப் பத்து வயது சின்னவள். ஒரு ஓணான் ஜாடியில் ஃபார்மலின் வற்றி ஓணான் காய்ந்துபோயிருந்தது. ஸ்டோரில் மூன்று முறை கேட்டும் எனக்கு ஃபார்மலின் தரவில்லை. அதை அவள் விசாரிக்கவே இல்லை. "ஒந்து கெலசானூ நெட்டகெ மாடல்ல நீனு" என்றாள், வகுப்பு முழுக்க நின்று பார்க்க. ஒரு வேலையும் ஒழுங்காகச் செய்வதில்லையாம் நான்.

மத்தியானம் மேடம் அந்த ஊறுகாய் பாட்டிலை என்னிடம் நீட்டினாள். நாங்கள் கன்னடத்தில் பேசிக்கொண்டதைத் தமிழில் எழுதுகிறேன்.

"இதை ஃபார்மலின்ல போட்டுடு. இதையாவது ஒழுங்கா போடு."

"போட மாட்டேன்."

"ஏன்?"

"உயிரோட இருக்கு."

அவள் சிரித்தாள். "இத்தனை வருஷமா நீ போட்டதெல்லாம் செத்த பிறகுதான் போட்டியா?"

அவள் சொன்னது உண்மைதான். உண்மையைச் சொன்னால் எனக்குக் கோபம் இன்னும் ஏறும். "இதை நான் வளத்துக்கறேன்" என்று சொல்லிவிட்டேன்.

"வளத்துக்கோ. ஒரு வாரம் தாங்காது. செத்ததும் அன்னைக்கே கொண்டு வா, காய விட்டுடாதே" என்றாள். அதோடு நிற்கவில்லை. அன்று சாயந்தரமே லேபிள் எழுதி ஒரு காலி ஜாடியில் ஒட்டி அலமாரியில் வைத்துவிட்டாள். சிலந்தியின் லத்தீன் பெயர், பிடித்த இடம், எல்லாம். சிலந்தி மட்டும்தான் பாக்கி. தினமும் நான் அந்த அலமாரியைத் துடைக்க வேண்டும்.

அந்த ஜாடிக்குள் அது போகக் கூடாது. எனக்கு வேறு எண்ணமே இல்லை.

அடுகோடியில் ஒரு லேத் பட்டறைக்குப் பின்சந்தில் எங்கள் வீடு. என் கணவர் அந்தப் பட்டறையிலேயே டர்னர். பக்கத்துப் போர்ஷனில் அவருடைய தங்கை, என் நாத்தனார். நடுவில் ஒரே சுவர், இரண்டு வீட்டுக்கும் ஒரே குழாய், ஒரே கொடி. அதனால் சண்டைக்குக் குறைவில்லை. "அண்ணி, காலேஜ் பொடவையை என் துணியோட சேத்துக் காயப் போடாதீங்க, பொணவாடை அடிக்குது" என்பாள். "உன் வாய்ல வர்ற வாடையைவிடவா?" என்பேன். அப்புறம் நாலு நாள் பேச மாட்டோம்.

சிலந்தியை எதில் வைப்பது? லேபில் கழித்துக் கட்டிய சாமான்களில் ஒரு பெரிய சதுரக் கண்ணாடித் தொட்டி இருந்தது. பத்து வருடம் அதில் ஃபார்மலினுக்குள் ஒரு பாம்பு கிடந்தது. சோப்புத்தூள் போட்டு மூன்று முறை கழுவினேன், வெயிலில் காய வைத்தேன். கண்ணாடிதானே, அதில் என்ன ஒட்டும் என்று நினைத்தேன். மூலைகளில் கண்ணாடியை ஒட்டப் பூசியிருந்த மக்கு எத்தனை வருடமாக எதைக் குடித்து ஊறியிருக்கும் என்று நினைக்கவில்லை. அடியில் ஈரம் நிற்கட்டும் என்று லேப் அலமாரியிலிருந்து கனமாகப் பஞ்சு எடுத்து விரித்தேன். அந்த அலமாரியில் பஞ்சு இருப்பது கீழ்த்தட்டில். மேல்தட்டில் ஃபார்மலின் கேன். அதன் மூடி எப்போதும் கசியும். பஞ்சுக்கு மேல் தேங்காய் நார். மேலே கண்ணாடி மூடி, காற்றுக்காக அதன் ஓரத்தில் ஒரு தீக்குச்சி செருகிய இடுக்கு.

என் கணவர் குனிந்து பார்த்தார். "இது என்ன சாப்பிடும்?"

"கரப்பான்."

"அப்ப பொட்டி எதுக்கு? சும்மா உட்டுடு, சமையக்கட்டு சுத்தமாயிடும்."

நாத்தனார் வாசலிலேயே நின்றாள். "அண்ணன் மூட்டைப்பூச்சிக்கே பயப்படுவாரு. இதோட ஒரே ரூம்ல படுக்க வெக்கிறீங்களே, பாவம்."

ஒரு சிலந்தியை எப்படி வளர்ப்பது என்று எனக்கு ஒன்றும் தெரியாது. கரப்பானின் வயிறு எங்கே இருக்கிறது, அதற்குள் எத்தனை பல் இருக்கிறது என்று தெரியும். தவளையின் இதயத்தைக் கண்ணை மூடிக்கொண்டு காட்டுவேன். ஆனால் பதினாறு வருடத்தில் ஒரு பிராணியைக்கூட ஒரு வாரத்துக்கு மேல் உயிரோடு வைத்திருந்ததில்லை. அதற்கு எவ்வளவு தண்ணீர், எவ்வளவு சூடு, எத்தனை நாளுக்கு ஒரு முறை தீனி, யாரைக் கேட்பது? மேடத்தைக் கேட்க மாட்டேன். லைப்ரரியில் ஒரு புத்தகம் இருந்தது. அதில் அதன் உடம்பை அறுத்த படம்தான் இருந்தது.

கரப்பான் பிடிக்க மட்டும் எனக்கு நன்றாகத் தெரியும். ஒரு பாட்டிலின் உள்விளிம்பில் வேஸ்லின் தடவி, அடியில் பழுத்த வாழைப்பழத் துண்டு போட்டு, சாக்கடை ஓரத்தில் சாய்த்து வைத்தால் போதும். உள்ளே போனது ஏறி வராது. மூன்றாம் நாள் ஒரு கரப்பானைத் தொட்டியில் விட்டேன். சிலந்தி கண்ணாடிச் சுவரில் ஒட்டியிருந்தது. கரப்பான் கீழே நாரில் ஓடிக்கொண்டிருந்தது. கால் மணி நேரம் ஒன்றும் நடக்கவில்லை. நான் கண்ணைச் சிமிட்டியிருப்பேன். சிலந்தி கீழே இருந்தது, கரப்பான் அதன் வாயில் இருந்தது. இறங்கியதை நான் பார்க்கவில்லை. ஏதோ பரீட்சையில் பாஸானவள் மாதிரி பட்டறைக்குப் போய்க் கணவரிடம் சொன்னேன். லேத் சத்தத்தில் அவருக்குக் காதில் விழவில்லை, தலையை ஆட்டினார்.

திங்கட்கிழமை மேடம் கேட்டாள். "சத்தோய்தா?"

செத்துவிட்டதா என்று. நல்லாயிருக்கியா என்று கேட்கிற குரலில்.

"இல்ல. சாப்பிட்டுச்சு."

"பரவாயில்லையே" என்றாள்.

அதற்கப்புறம் ஒவ்வொரு திங்கட்கிழமையும் அதே கேள்வி. ஞாயிற்றுக்கிழமையே தொட்டியை நாலு முறை எட்டிப் பார்ப்பேன்.

இரண்டாவது வாரம் அது சாப்பிடவில்லை. விட்ட கரப்பான் அதன் காலுக்குக் கீழேயே சுற்றி வந்தது. மூன்றாவது வாரம் அது வழுக்க ஆரம்பித்தது. கண்ணாடியில் ஏறும், பாதியில் கால் பிடி விட்டுவிடும், நாரில் விழும். மறுபடி ஏறும். குடித்தவன் நடப்பதுபோல ஒரு பக்கமாக இழுத்து நடந்தது. பின்கால் இரண்டும் உள்ளே மடங்க ஆரம்பித்தன.

எனக்கு ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. சாப்பாட்டு இடைவேளையில் பஸ் பிடித்து வீட்டுக்கு வந்து பார்த்துவிட்டு, சாப்பிடாமலே திரும்பிப் போவேன். குளிர் தாங்கவில்லையோ என்று நினைத்தேன். டிசம்பர் மாதம், பெங்களூர். ஒரு டேபிள் விளக்கை வாங்கித் தொட்டியை ஒட்டி வைத்தேன். சூடு பட்டு நார் காய்ந்தது. தாகமோ என்று தண்ணீர் தெளித்துத் தெளித்துப் பஞ்சை ஊற வைத்தேன். எவ்வளவு பயந்தேனோ அவ்வளவு தெளித்தேன். அது எப்படியோ மேலே ஏறி, தீக்குச்சி இடுக்கில் வந்து ஒண்டிக்கொண்டது. நாள் முழுக்க அங்கேயே. தப்பிக்கப் பார்க்கிறது என்று நினைத்து நான் தீக்குச்சியை எடுத்துவிட்டேன்.

"ஏதோ எரியுது இங்க" என்று என் கணவர் இரண்டு முறை சொன்னார். "கண்ணு கரிக்குது."

"உங்களுக்கு எப்பவும் ஏதாவது எரியும்" என்றேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை நான் குழாயடியில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தேன். நாத்தனார் தேங்காய்த் துருவி கேட்டு வந்தவள், நேராக உள்ளே போய்விட்டாள்.

"அண்ணி, இங்க வாங்க."

போனேன். தொட்டியின் மூடி அவள் கையில் இருந்தது.

"யார் உன்னைத் தொறக்கச் சொன்னது?"

அவள் திரும்பினாள். கண் இரண்டும் சிவந்து, கன்னத்தில் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது.

"என்னத்துக்கு அழுவுற?"

"இந்தப் பூச்சிக்கு நான் ஏன் அழுவணும்? எரியுது அண்ணி. மூக்கு, தொண்டை எல்லாம். எப்படி இதுங்கிட்ட உக்காந்திருக்கீங்க? குனிஞ்சு பாருங்க."

குனிந்து மூச்சை இழுத்தேன். கண் லேசாகக் கரித்தது. அது எனக்கு எப்போதும் கரிக்கும். வேறு ஒன்றும் இல்லை.

"ஒண்ணும் இல்லயே."

பெண்களுக்குள் சண்டை என்றால் ஒருத்தி முகத்தை ஒருத்தி நன்றாகப் படித்து வைத்திருப்போம். அவள் என்னைப் பார்த்த பார்வையில் கிண்டல் இல்லை. எனக்கு அதுதான் பயமாக இருந்தது. சமையலறைக்குள் போய்விட்டு வந்தாள்.

"கண்ண மூடுங்க."

"வெளையாடுறியா?"

"மூடுங்க அண்ணி, ஒரு நிமிஷம்."

மூடினேன்.

"இது என்ன?"

"என்னத்தக் காட்டுற? கிட்டக் கொண்டா."

"மூக்குலதான் வெச்சிருக்கேன். பெருங்காயம். சரி, இது?"

இழுத்துப் பார்த்தேன். ஏதாவது சொல்லியாக வேண்டுமே என்று, "வெங்காயம்" என்றேன்.

"மண்ணெண்ணெய்த் துணி. இது?"

"வெறுங்கையைக் காட்டி ஏமாத்துற."

கண்ணைத் திறந்தேன். அவள் கையில் கருவாடு. கதவருகில் என் கணவர் நின்றுகொண்டிருந்தார். அவர் முதலில் சிரித்தார், அப்புறம் நிறுத்திக்கொண்டார்.

"நான் கொறை சொல்றேன்னு நீ நெனைச்ச" என்றார். "கொழம்பு அடிபுடிச்சு வூடே நாறுது, நீ பக்கத்துலயே நின்னு கிண்டிக்கிட்டிருப்ப. எத்தனை தடவை சொன்னேன்."

எனக்கு அழுகை வரவில்லை. தொட்டியைத் தூக்கி வாசலில் போட்டு உடைக்கலாம்போல இருந்தது. பஞ்சு, அலமாரி, கசிகிற கேன், விளக்குச் சூடு, தெளித்த தண்ணீர், எடுத்த தீக்குச்சி, எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாகப் புரிந்தது. ஃபார்மலினில் போட மாட்டேன் என்று மேடத்திடம் வாய் பேசிவிட்டு, நானே அதை ஃபார்மலினில்தான் போட்டு வைத்திருந்தேன். மூன்று வாரமாக, ஆவியில். நாத்தனார் புடவை வாடை என்று சொன்னபோதெல்லாம் அவள் என் வேலையைக் கேவலப்படுத்துகிறாள் என்றுதான் எடுத்துக்கொண்டேன். பாதி நாள் அவள் கேவலப்படுத்தத்தான் சொன்னாள். ஆனால் வாடையும் இருந்தது.

"இன்னும் உசுரு இருக்குதா?" என்று அவள் கேட்டாள்.

குச்சியால் தொட்டேன். ஒரு கால் மெதுவாக நகர்ந்தது.

அவள் வீட்டு மாவு டிரம் ஒன்று, பிளாஸ்டிக், அதைக் காலி செய்து கொண்டுவந்தாள். நான் கேட்கவில்லை. மூடியில் காய்ச்சிய கம்பியால் என் கணவர் ஓட்டை போட்டார். உள்ளே வைக்க எது எடுத்தாலும் அவள் மூக்கில் வைத்துப் பார்த்த பிறகுதான் உள்ளே போனது. என் வீட்டுத் தேங்காய் நாரைத் தள்ளிவிட்டாள். "இதுலயும் ஏறியிருக்கு." அவள் வீட்டிலிருந்து புது மட்டை எடுத்து உரித்தாள். மரப்பட்டைக்குப் பின்னால் இருந்த சிலந்தி என்று அந்தப் பெண் சொன்னது அப்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தது. என் கணவர் அடுத்த தெரு மரவாடிக்குப் போய் இரண்டு துண்டு பட்டை கொண்டுவந்தார்.

"இதுல வார்னிஷ் வாடை" என்று ஒன்றை எறிந்தாள். இன்னொன்றை முகர்ந்து, "இது சும்மா மரம், வைங்க."

மரக்கரண்டியால் சிலந்தியை எடுக்கப் போனேன். அது கரண்டியில் ஏறாமல் சரிந்து என் முன்கை மேல் விழுந்தது. கனமே இல்லை. காலின் நுனிகள் மட்டும் தோலில் தெரிந்தன, எட்டும் இல்லை, ஐந்தோ ஆறோ. மற்றவை மடங்கியிருந்தன.

"கடிச்சா செத்துருவீங்களா?" என்றாள் நாத்தனார்.

"தெரியாது."

"சரி, ஆடாதீங்க."

கையை டிரம்முக்குள் விட்டு, பட்டையில் சாய்த்தேன். அது உடனே நகரவில்லை. நாங்கள் மூன்று பேரும் நின்றுகொண்டே இருந்தோம். கடைசியில் அது ஒவ்வொரு காலாக எடுத்து வைத்துப் பட்டைக்குப் பின்னால் போனது.

மறுநாள் திங்கள். "சத்தோய்தா?"

"இன்னும் இல்ல. மேடம், இந்த ரூம்ல வாடை வருதா?"

"வராம? நான் உள்ள வர்றப்பெல்லாம் மூச்சை அடக்கிட்டுதான் வர்றேன்."

"எனக்கு வரல."

அவளுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் முகம் மாறியது. "டாக்டர்கிட்ட காட்டு" என்றாள். வேறு என்ன சொல்வாள்? ஃபார்மலின் கேனைத் திறப்பது அவள் வேலை இல்லை. டாக்டரிடம் காட்டினேன். இவ்வளவு வருடம் கழித்து வந்தால் என்ன செய்ய முடியும் என்று அவர் என்னையே கேட்டார். எக்ஸாஸ்ட் ஃபேன் வேண்டும் என்று ஆபீசில் எழுதிக் கொடுத்தேன். பார்க்கலாம் என்றார்கள். மியூசியம் அறை ஜன்னல் பெயிண்ட் அடித்து அடித்து ஒட்டிப்போயிருந்தது. ஒரு நாள் பட்டறையிலிருந்து சுத்தியலும் உளியும் கொண்டுபோய் நானே அடித்துத் திறந்தேன். இரண்டு கண்ணாடி உடைந்தது. யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

வீட்டில் சிலந்தி பட்டைக்குப் பின்னாலிருந்து வரவில்லை. எட்டு நாள். இருக்கிறதா செத்ததா என்று பார்க்கப் பட்டையைத் தூக்கக் கை பரபரத்தது. தூக்கினால் அது பயந்தே செத்துவிடுமோ என்று கையைக் கட்டிக்கொண்டேன். வீட்டுக்குள் நடந்துகொண்டே இருந்தேன். என் கணவர் சாப்பிடும்போது, "நீ உக்காரு, இல்ல நான் எந்திரிச்சுப் போறேன்" என்றார். ஒன்பதாம் நாள் காலை சோடா மூடியில் வைத்திருந்த தண்ணீரில் அது வாயை வைத்துக்கொண்டு கிடந்தது. முதலில் செத்து விழுந்திருக்கிறது என்றே நினைத்தேன். கிட்டே போனதும் வெடுக்கென்று முன்காலைத் தூக்கியது. நாத்தனாரைக் கூப்பிட்டேன்.

"மொறைக்குது" என்றாள். "உங்ககிட்ட சேந்துடுச்சுல்ல, உங்க கொணந்தான் வரும்."

கரப்பானைத் தொட அதற்கு இன்னும் இரண்டு வாரம் ஆனது. அந்தக் கரப்பானையும் அவளிடம் நீட்டினேன்.

"இதையும் மோந்து பாக்கணுமா?"

"ஆமா."

"ரொம்பத்தான் ஏத்தம் உங்களுக்கு." பாட்டிலைத் தள்ளிப் பிடித்து ஒரு முறை இழுத்தாள். "சாக்கடை வாடைதான். குடுங்க அதுக்கு."

அடுத்த வருடமும் பிள்ளைகள் தோட்டத்துக்குப் போனார்கள். அதே மாதிரி ஒன்று வந்தது. நான் போட மாட்டேன் என்றேன். மேடம் என்னோடு பேச்சு வளர்க்காமல் கீழ்மாடி அட்டெண்டரைக் கூப்பிட்டாள். அவன் போட்டான். லேபிள் தயாராகத்தானே இருந்தது. நான் ஜன்னலருகில் நின்று பார்த்தேன், தடுக்கவில்லை. இரண்டை வைத்துக்கொள்ள என்னால் முடியாது. அன்று முழுக்க யார் பேசினாலும் எரிந்து விழுந்தேன்.

எங்களுடையது அதற்கப்புறம் ஐந்து வருடத்துக்கு மேல் இருந்தது. ஒரு நாளும் எனக்கு நிம்மதி இல்லை. பக்கத்துப் பட்டறையில் பெயிண்ட் அடித்தால், சந்தில் கொசு மருந்துப் புகை போட்டால், குழாயடியில் யாராவது ஃபினாயில் கொட்டினால், எனக்குத் தெரியாது. அதனால் தினமும் நான் வேலைக்குப் போகும் முன் நாத்தனார் வந்து டிரம்மைத் திறந்து முகர்ந்து பார்த்துச் சொல்ல வேண்டும். நான் ஒரு முறையும் தயவுசெய்து என்று கேட்டதில்லை. அவளும் ஒரு முறையும் சந்தோஷமாக வந்ததில்லை.

எங்கள் சண்டை நிற்கவும் இல்லை. ஒரு முறை கொடித் துணி விஷயமாக வாய் தடித்து, அவள் என் பிறந்த வீட்டை இழுத்தாள், நான் அவள் புருஷனை இழுத்தேன். ஒரு மாதம் பேசவில்லை. அந்த மாதமும் காலை ஏழரைக்குக் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தாள். என் முகத்தைப் பார்க்க மாட்டாள். டிரம் மூடியைத் தூக்குவாள், குனிவாள், மூச்சை இழுப்பாள். சுவரைப் பார்த்து, "ஒண்ணும் இல்ல" என்பாள். மூடியை வைத்துவிட்டுப் போய்விடுவாள். அதற்கப்புறம்தான் நான் செருப்பு மாட்டுவேன்.